உட்காரவைத்த உடம்பு

ஜனவரியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் எடை மெஷினை வைத்துவிட்டார்கள். ஏறி இறங்காமல் கேன்டீனுக்குள் நுழைய முடியாது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் எச்.ஆர். அதிகாரி புவனா, அவள் கையில் மைக். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். அதில் பத்து நிமிஷம் வரிசையிலேயே போய்விட்டது.

கோவிந்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"கோவிந்தம்மாள், லைன் நாலு. எண்பத்தொண்ணு புள்ளி நாலு," என்றது மைக்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். புவனா அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து, மூலையில் சிவப்பு வட்டம் ஒன்றை ஒட்டினாள். சரியான எடைக்குப் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், ரொம்பக் கூடினால் சிவப்பு. கோவிந்தம்மாளுக்கு முன்னால் போன ஹுசைனாவுக்கும் சிவப்புதான். அவள் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

அடுத்த நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த உணவு ஆலோசகர் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு.

"சாதத்தைக் குறைங்கம்மா. தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க. டிவி முன்னாடி உட்கார்ந்துட்டே இருக்காதீங்க."

"நான் எப்பம்மா டிவி பாக்கறேன்?"

"பொதுவாச் சொல்றேன்மா."

"பொதுவா சொல்லாதம்மா, என்னப் பாத்து சொல்லு. நாலரைக்கு எழுந்து சோறாக்கறேன். ஏழேகாலுக்கு கம்பெனி பஸ்ஸு. எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா சாயந்திரம் ஆறரை. அப்பால திரும்ப பஸ்ஸு. இதுல எந்த ஒரு மணி நேரத்த எடுத்து நடக்கறதுனு நீயே சொல்லு."

"நம்ம உடம்பு, நாமதான் பாத்துக்கணும்மா," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கோவிந்தம்மாள் சோற்றுத்தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது ஒன்பது நிமிஷம் மிச்சமிருந்தது. பாதி சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். உடம்பைக் குறைக்க நினைத்து அல்ல. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. திருத்தணிக்கு வெளியே, ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகத் தையல் ஆபரேட்டர். அதற்கு முன்னால் பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போனவள். அது நல்ல வேலை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. முதுகு கழன்றுவிடும், தோல் கருகிவிடும். ஆனால் கம்பெனியில் சேர்ந்த அன்று எடுத்த எடை ஐம்பத்தி நாலு. கம்பெனி ஃபைலில் அவள் கைரேகைக்குப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. ஒன்பது வருஷத்தில் இருபத்தேழு கிலோ எங்கிருந்து வந்தது என்று அந்த ஃபைலை வைத்திருப்பவர்கள் யாரும் கேட்டதில்லை.

அவள் சட்டைக்குக் கை பொருத்துகிறவள். மணிக்கு எண்பது பீஸ். வெட்டிய துணிக்கட்டை ஹெல்பர் கொண்டுவந்து இடது பக்கம் வைப்பாள், தைத்து முடித்ததை வலது பக்கத்திலிருந்து எடுத்துப் போவாள். பத்தே முக்காலுக்கு டீயும் பன்னும் மெஷினுக்கே வரும். மூன்றரைக்கு மறுபடி டீ, இரண்டு பிஸ்கட். கம்பெனி பார்க்க வருகிறவர்களிடம் புவனா இதைப் பெருமையாகச் சொல்லுவாள்: "எங்க ஆளுங்களுக்கு உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துடும்." அவள் சொன்னது உண்மைதான். எழுந்திருப்பதற்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைக்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே காரணம் கழிவறை. அதற்கும் முப்பது பேருக்கு ஒரு டோக்கன். பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் நாகராஜனின் மேஜையில் இருக்கும். யாராவது எடுத்துப்போனால் அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நாகராஜன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாலு நிமிஷம் தாண்டினால் பெயரைச் சொல்லிக் கத்துவார். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். காலையில் நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில் சாயந்திரம் பாதிக்குமேல் நிறைந்தபடியே வீட்டுக்குப் போகும்.

அன்று சாயந்திரம் கோவிந்தம்மாளின் கணவன் பங்காரு அட்டையைப் பார்த்துவிட்டான். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் மலையடிவாரத்துக்குமாக.

"இன்னாது இது? ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஒட்டற மாதிரி?"

"வெயிட்டு ஜாஸ்தினு ஒட்டி கீறாங்க."

பங்காரு சிரித்தான். "கரெக்டாதான் ஒட்டி கீறாங்க. நான் சொன்னா கோச்சுக்குவ."

கோவிந்தம்மாள் கையிலிருந்த கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"உன் தொந்தி ஹேண்டில்பார்ல இடிக்குதே பாவா, அதுக்கு யாரு ஒட்டினது? காலைல ஏறினா ராத்திரி வரிக்கும் அந்த சீட்ட விட்டு எறங்கறியா நீ? பெட்ரோல் போடறதுக்குக்கூட சீட்டுல இருந்தே கைய நீட்டற. உனக்கு எவனாவது மைக்ல படிச்சானா? செவப்பு ஒட்டினானா?"

"சும்மா வெளையாட்டுக்கு சொன்னேன்டி."

"எனக்கு வெளையாட்டா இல்ல. அங்க முந்நூறு பேரு முன்னாடி படிச்சாங்க. வூட்டுக்கு வந்தா நீ சிரிக்கிற."

பங்காரு வயிற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். கோவிந்தம்மாளின் கோபம் அதோடு தணியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மலைப்படி ஏறப் போனாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. முன்பு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியிருக்கிறாள். அன்றைக்கு எழுபதாவது படியில் நெஞ்சு படபடத்தது, முட்டி பிடித்துக்கொண்டது. ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் செய்ததே உறைத்தது. வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்து, ஏழாவது நாளும் உட்காருவதற்கா இங்கே வந்தோம்? எழுந்து ஏறினாள். நூற்றிருபதில் மறுபடி உட்கார்ந்தாள். அர்ச்சனைத் தட்டோடு இறங்கி வந்த ஒரு பெண், "ஆட்டோல போயிருக்கலாமே," என்றாள். கோவிந்தம்மாள் அவளை முறைத்த முறைப்பில் அந்தப் பெண் வேகமாக இறங்கிப் போய்விட்டாள். அன்று உச்சிக்குப் போகாமலே கீழே இறங்கினாள். முட்டி மூன்று நாள் வலித்தது.

ஜூன் மாதத்தில் ஹுசைனா விழுந்தாள்.

ஹுசைனாவுக்கு முப்பத்தெட்டு வயது. அரக்கோணத்திலிருந்து தினமும் வருகிறவள். கணவன் கலீம் அங்கே பைக் மெக்கானிக். நாலாவது லைனில் ஆறு வருஷமாகக் கோவிந்தம்மாளுக்கு அடுத்த மெஷின். இரண்டு வாரமாகவே, இடது காலில் கெண்டைச்சதை கல் மாதிரி இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பத்து நிமிஷம் நடந்துவிட்டு வர டோக்கன் கேட்டபோது நாகராஜன், "பாத்ரூமுக்குத்தான் டோக்கன், பார்க்குல நடக்கறதுக்கு இல்ல," என்றார். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹுசைனாவும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் சாயந்திரம் பஸ் ஏற எழுந்தவள், கால் தரையில் பாவாமல் மெஷின்மேல் சாய்ந்தாள். இடது கால் வலது காலைவிட ஒன்றரை மடங்கு வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. கோவிந்தம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் அவளைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கிருந்த டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். காலை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு வெளியே வந்தார்.

"காலுக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்னு சந்தேகம். சென்னைக்கு அனுப்பறேன். சரியான நேரத்துல கொண்டுவந்துட்டீங்க. என்ன வேலை செய்யறாங்க இவங்க?"

"தையல் சார். கம்பெனில."

"எவ்வளவு நேரம் உட்கார்றாங்க?"

"பத்து மணி நேரம். எழுந்திருக்க வுட மாட்டாங்க."

டாக்டர் ஹுசைனாவின் சீட்டில் எடையைப் பார்த்தார். "எடையும் கூடுதல். அதுவும் சேர்ந்துக்கும்."

ஒன்பது வருஷமாக அடைத்துக்கிடந்தது கோவிந்தம்மாளின் வாயில் வந்துவிட்டது. "அந்த வெயிட்டு எங்கேந்து சார் வந்துது? நாங்க திங்கறதாலதான்னு சொல்றாங்க. வயல்ல வேல செஞ்சப்ப இத்தவிட ஜாஸ்தியா தின்னேன் நான். ஆறு மணிக்கே ஒரு குண்டான் கூழு குடிப்பேன்."

டாக்டர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"அன்னைக்குத் தின்னதை அன்னைக்கே செலவு பண்ணிட்டீங்க. இப்ப கால் தசைக்கு வேலையே இல்ல. பத்து மணி நேரம் அசையாம இருந்தா உடம்பு எதைச் செலவு பண்ணும்? சேர்த்துதான் வைக்கும். உட்கார்றது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். சாப்பாடு, தூக்கம், வயசு எல்லாம் இருக்கு. ஆனா அதை விட்டுட்டு மத்ததை மட்டும் பேசினா அது ஏமாத்து வேலை. குண்டானவங்களுக்கு எழுந்திருக்கக் கஷ்டம், அதனால இன்னும் உட்காருவாங்க, இன்னும் எடை ஏறும். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரமாவது எழுந்து நாலு நடை நடக்கணும். எல்லாருமே."

"இத்த அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்."

அவர் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

மறுநாள் கோவிந்தம்மாள் அதை எச்.ஆர். அறைக்குக் கொண்டுபோனாள். புவனா வாசித்தாள்.

"இது ஹுசைனாவுக்கு எழுதினது."

"எல்லாருக்கும்னு கீது மேடம். கடைசி வரி பாருங்க."

"கோவிந்தம்மா, அந்த டாக்டருக்கு ப்ரொடக்ஷன் தெரியுமா? முந்நூறு பேரும் மணிக்கு ஒருதரம் எழுந்து போனா லைன் என்ன ஆகும்? நாங்க உங்களுக்காகத்தான் டயட்டீஷியனையே கூட்டிட்டு வந்தோம். சார்ட் போட்டோம். ஸ்டிக்கர் ஒட்டினோம். உங்க பங்குக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுந்திருக்க வுட்டா பண்ணுவோம்."

"ஹுசைனா திரும்ப வரணும்னா ஃபிட்னெஸ் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லுங்க," என்று புவனா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஹுசைனா சென்னை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ரத்தம் இளக ஊசி, மாத்திரை, காலுக்கு இறுக்கமான உறை. கம்பெனியிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை கடைசியில் நாகராஜன் ஒரு பட்டியலை வாசித்தார். ஆடிக் கிருத்திகை வருவதால், அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை கீழ்க்கண்டவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. போய்ச் சாமி கும்பிட்டு நன்றாக ஓய்வெடுங்கள். முப்பத்தெட்டு பெயர்கள். பெண்கள் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். கோவிந்தம்மாள் மட்டும் கைதட்டவில்லை. பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த முகம் ஞாபகம் வந்தது, அந்த முகத்துக்குக் கீழே தொங்குகிற அட்டை ஞாபகம் வந்தது. அத்தனையும் சிவப்பு. வேலைக்கே வராத ஹுசைனா பெயர்கூடப் பட்டியலில் இருந்தது.

"சார், ஹுசைனாவுக்கு இன்னாத்துக்கு கிருத்திகை லீவு?"

நாகராஜன் காகிதத்தை மடித்தார். "லிஸ்ட்டு மேலேந்து வந்துது. படிக்கிறதுதான் என் வேலை."

சாயந்திரம் பஸ்ஸுக்குப் போகும்போது கேன்டீன் சுவரில் புதிதாக ஒரு சார்ட் ஒட்டியிருந்தார்கள். நமது நலவாழ்வுத் திட்டத்தின் வெற்றி என்று மேலே எழுதியிருந்தது. ஜனவரியில் சிவப்பு முப்பத்தெட்டு. ஜூலையில் பூஜ்யம். வியாழக்கிழமை, சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள் வந்து கம்பெனியைச் சோதிக்கிற ஆடிட் என்று வாட்ச்மேன் வேதாசலம் சொல்லி அவளுக்குத் தெரிந்தது. வருகிறவர்கள் இரண்டு பேரை எடை போட்டுப் பார்த்தால்? பார்க்கட்டும். சிவப்பு அட்டைக்காரர்கள்தான் எவரும் உள்ளே இருக்கமாட்டார்களே.

கோவிந்தம்மாளுக்குக் கணக்குப் புரிந்தது. ஒன்பது வருஷம் உட்காரவைத்துச் சதை ஏற்றினார்கள். மைக்கில் படித்தார்கள். ஒருத்தி சாகக் கிடந்தபோது சர்டிபிகேட் கேட்டார்கள். இப்போது கண்ணில் படாமல் ஒளியச் சொல்லுகிறார்கள், அதுவும் சாமி பெயரைச் சொல்லி.

அன்றும் மறுநாளும் முப்பத்தேழு பேருக்கும் போன் போட்டாள். சிலர் "எதுக்குக்கா வம்பு, சம்பளத்தோட லீவுதானே," என்றார்கள். சிலர் எடுக்கவே இல்லை. பதினாலு பேர் வருகிறேன் என்றார்கள். ஹுசைனா படுக்கையிலிருந்தே, "என்னால வர முடியலக்கா. அந்த ஆஸ்பத்திரி பேப்பர போட்டோ எடுத்து அனுப்பறேன். காட்டுங்க," என்றாள்.

வியாழக்கிழமை கம்பெனி பஸ் அவள் தெருவில் நிற்காமல் போயிற்று. ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். ஆந்திராவிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. பங்காருவின் ஆட்டோ கூட்டத்தைத் தாண்ட முடியாமல் பைபாஸ் முனையில் நின்றுவிட்டது.

"வூட்டுக்கு வா," என்றான் பங்காரு. "வேல பூடும். அப்பால இன்னா பண்ணுவ?"

"நீ போ பாவா."

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். கோவிந்தம்மாள் நடந்தாள். முட்டி ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. புடவை வியர்வையில் ஒட்டியது. கம்பெனி கேட்டை அடைந்தபோது பத்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவளோடு பதினொன்று. வாட்ச்மேன் வேதாசலம் பட்டியலைக் காட்டினான்.

"உங்களுக்குலாம் லீவுமா."

"லீவு வேணாம்னு வந்து கீறோம். கார்டு கீது, வேல நாளு. வுடமாட்டேன்னு எழுதிக் குடு, போறோம்."

அவன் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டான்.

கேன்டீனில் புவனா சார்ட்டுக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆடிட் பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாகராஜன். அதே எடை மெஷின் சுவரோரம் இருந்தது. கோவிந்தம்மாள் யாரிடமும் எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறினாள்.

"படிங்க மேடம்," என்றாள் புவனாவிடம். "அன்னைக்கு மைக்ல படிச்சீங்களே. இன்னைக்கும் படிங்க."

ஆடிட் பெண்மணி குனிந்து பார்த்தாள். "எண்பத்திரண்டு புள்ளி ஒண்ணு. நீங்க யாரு?"

"லைன் நாலு, கோவிந்தம்மாள். அந்த சார்ட்ல நான் இல்ல. இதோ இவங்க பத்து பேரும் இல்ல. எங்க முப்பத்தெட்டு பேருக்கும் இன்னைக்கு லீவு குடுத்து வூட்ல இருக்க சொல்லிட்டாங்க. நீங்க பாக்கக் கூடாதுனு."

"கோவிந்தம்மா, அப்புறம் பேசிக்கலாம், வா," என்று நாகராஜன் அவள் கைப்பக்கம் வந்தார்.

ஒன்பது வருஷமாக அவரைச் சார் என்றே கூப்பிட்டவள் அன்றைக்கு மாற்றிவிட்டாள். "அப்புறம்னா எப்ப? உன் வாட்ச்ல எத்தினி நிமிசம் குடுப்ப எனக்கு? நாலா? தொடாத. தள்ளி நில்லு."

நாகராஜன் தள்ளி நின்றார்.

"நேத்து எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று ஆடிட் பெண்மணி கேட்டாள்.

"ரெண்டு தபா. ஒருதபா சோத்துக்கு. முப்பது பேருக்கு ஒரு டோக்கன்மா. என் பக்கத்து மெஷின்ல இருந்த பொண்ணுக்கு கால்ல ரத்தம் ஒறஞ்சி நெஞ்சு வரிக்கும் பூட்ச்சி. இந்தா, போன்ல அந்த ஆஸ்பத்திரி பேப்பரு. டாக்டரு எழுதிக் குடுத்தது, இத்தயும் பாருங்க. ஒம்போது வருசத்துக்கு முன்னாடி இவங்களே எடுத்த வெயிட்டு அம்பத்தி நாலு. ஃபைல்ல கீது, எடுத்துகினு வர சொல்லுங்க."

ஆடிட் பெண்மணி தன் படிவத்தைப் புரட்டினாள். "இதை எடைன்னு எழுதறதா, பிரேக்னு எழுதறதா? ரெண்டும் வேற வேற பக்கத்துல வருது."

கோவிந்தம்மாளுக்கு அவள்மேலும் கோபம் வந்தது. "உங்க ஃபார்ம்ல வேற வேற பக்கத்துல இருக்கலாம்மா. எங்க உடம்புல ஒரே எடத்துலதான் கீது. ரெண்டு பக்கத்துலயும் எழுதுங்க."

அந்தப் பெண்மணி இரண்டு பக்கத்திலும் எழுதத் தொடங்கினாள். மற்ற பத்துப் பேரும் ஒவ்வொருத்தியாக மெஷினில் ஏறி இறங்கினார்கள்.

மறுநாளே பதினொரு பேருக்கும் மெமோ வந்தது. ஆடிட்டில் இடையூறு செய்ததற்காக விசாரணை முடியும்வரை வேலை நிறுத்திவைப்பு. ஐந்து பேர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கோவிந்தம்மாள் எழுதவில்லை. பங்காரு இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மெமோவுக்குப் பதில் எழுத யாரோ ஒரு வக்கீலைத் தெரியும் என்று கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனான். அவளும் திருப்பித் திட்டினாள்.

மூன்று வாரம் கழித்து பையரிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று வேதாசலம் போனில் சொன்னான். அதற்கு அடுத்த வாரம் ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். காலையில் பத்தரைக்குப் பத்து நிமிஷம், மதியம் மூன்றரைக்குப் பத்து நிமிஷம் இடைவேளை. மெஷினைவிட்டு எழுந்து வெளியே போகலாம். டோக்கன் தேவையில்லை. எடை பார்ப்பதானால் தனி அறையில். கேன்டீன் சுவரில் சார்ட் கிழிந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

திரும்பிப் போன முதல் நாளே நாகராஜன் இன்னொன்றும் சொன்னார். "இருபது நிமிஷம் போயிடுது. அதனால இனிமே மணிக்கு எண்பத்தெட்டு பீஸ்."

பத்தரைக்கு மணி அடித்தது. ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. எண்பத்தெட்டை எட்டவேண்டும் என்று எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மாள் நின்று பார்த்தாள். புவனாவிடமும் நாகராஜனிடமும் வராத அளவு கோபம் அப்போதுதான் வந்தது.

"எழுந்திருங்கடி. மணி அடிச்சிடுச்சி."

"டார்கெட் ஏறிப்போச்சுக்கா. எழுந்தா வராது."

"வராட்டி போவட்டும். ஹுசைனா மாதிரி விழப்போறீங்களா?"

யாரும் அசையவில்லை. கோவிந்தம்மாள் நேராகத் தூணுக்குப் போய், நாலாவது லைனின் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். முப்பது ஊசிகளும் பாதித் தையலில் நின்றன. திடீரென்று வந்த அமைதியில் பக்கத்து லைன்காரர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். நாகராஜன் ஓடி வந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"பத்தரை ஆச்சு சார். பத்து நாப்பதுக்கு நானே போடறேன்."

முதலில் ஒருத்தி எழுந்தாள். பிறகு நாலு பேர். பிறகு லைன் முழுக்க எழுந்து, மரத்துப்போன கால்களை உதறிக்கொண்டு, வெளியே வெயிலுக்குப் போயிற்று. பத்து நாற்பதுக்குக் கோவிந்தம்மாள் சுவிட்சைப் போட்டாள். அன்றைக்கு லைன் மணிக்கு எழுபத்தாறுதான் தைத்தது. மறுநாளும் அவ்வளவுதான். நாகராஜன் கத்தினார். பெண்கள் மணி அடித்ததும் எழுந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, யாரும் அறிவிக்காமலே, பலகையில் எண்பது என்று மறுபடி எழுதியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஹுசைனா சர்டிபிகேட்டோடு திரும்பி வந்தாள். காலில் உறை. இடைவேளையில் இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடப்பார்கள். இரண்டு சுற்று முடிவதற்குள் மணி அடித்துவிடும். பத்து மணி நேரத்துக்கு இருபது நிமிஷம். அது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டிசம்பரில் தனி அறையில் எடை பார்த்தார்கள். கோவிந்தம்மாள் எழுபத்தொன்பது. மூன்று கிலோ. முட்டி வலி கொஞ்சம் குறைந்திருந்தது, மலைப்படி இன்னும் இருநூறுக்குமேல் ஏறமுடியவில்லை. அவள் வெளியே வந்ததும் புவனா சிரித்தபடி அழைத்தாள். பையர் கேட்கிறார்கள், ஒரு போஸ்டர் போடவேண்டும், உங்கள் போட்டோவும் ஹுசைனா போட்டோவும்.

"மூணு கிலோ குறைச்சிருக்கீங்க. எங்க திட்டத்தால நடந்த மாற்றம்னு போடலாம். மத்தவங்களுக்கும் ஊக்கமா இருக்கும்."

கோவிந்தம்மாளுக்குக் கத்தவேண்டும் என்று வந்தது. கத்தவில்லை.

"போட்டோ எடுக்க வேணாம் மேடம். மூணு கிலோ நாங்க கொறச்சது. மீதி இருபத்தஞ்சு நீங்க ஏத்தினது. அத்தயும் சேத்து போடறதா இருந்தா வரேன்."

புவனா பதில் சொல்வதற்குள் மூன்றரை மணி அடித்தது. வெளியே நாலாவது லைன் பெண்கள் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. ஹுசைனா கதவருகே நின்று, "வாங்கக்கா, பத்து நிமிசந்தான்," என்றாள். இரண்டு பேரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள்.